மாளிகையில் பிறந்த தொழிலாளியின் மகள்

கேள்வி: லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் ஆங்கிலேயப் பாட்டி 1942-இல் பிறந்தவர். தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஆயினும் தாம் ‘பிராக்கெட் ஹால்’ என்ற பிரபு மாளிகையில் பிறந்ததாகவும், அங்கிருந்த சித்திரக் கூரை தமக்கு நினைவிருப்பதாகவும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: மாளிகையைத் தாராளமாக நம்பலாம். கூரையை மட்டும் அவருடைய தாயாரின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

1939 செப்டம்பர் முதல் தேதி, போர் மூளும் தறுவாயில், பிரிட்டிஷ் அரசு பெருநகரங்களிலிருந்து மக்களை நாட்டுப்புறத்திற்கு அனுப்பத் தொடங்கியது. முதல் மூன்று நாட்களில் வெளியேறிய ஏறத்தாழ 15 லட்சம் பேரில் பெரும்பாலோர் குழந்தைகளும் தாய்மார்களும். கர்ப்பிணிகள் மட்டும் சுமார் 13,000 பேர். அவர்கள் பிரசவிக்கச் சிற்றூர்களில் போதிய படுக்கைகள் இல்லாததால், பெரிய பண்ணை மாளிகைகள் மகப்பேறு விடுதிகளாக மாறின. டெர்பிஷயரில் நூற்பாலை அதிபர் ரிச்சர்ட் ஆர்க்ரைட் கட்டிய வில்லர்ஸ்லி கோட்டை, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பொறுப்பில் அவ்வாறு இயங்கியது. லண்டன் நகர மகப்பேறு மருத்துவமனை, ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள பிராக்கெட் ஹாலுக்கு இடம்பெயர்ந்தது. 1949 வரை அங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தனர். இன்றும் அவர்களை ‘பிராக்கெட் குழந்தைகள்’ என்றே அழைக்கிறார்கள்.

மெல்போர்ன் பிரபு, பால்மர்ஸ்டன் பிரபு என்னும் இரு பிரதமர்கள் உயிர்விட்ட வீடு அது. போர்க்காலத்தில் அதன் உரிமையாளராயிருந்த பிராக்கெட் பிரபுவோ, 1939 ஏப்ரலில் பெர்லினில் நடந்த ஹிட்லரின் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவிற்குச் சென்று வந்தவர். அந்த ஹிட்லரின் குண்டுகளுக்குத் தப்பி வந்த கிழக்கு லண்டன் பெண்கள் அந்தப் பிரபுவின் கூடங்களிலேயே பிள்ளை பெற்றார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

இனி, நினைவைப் பற்றி. பிறந்த பத்துப் பதினைந்து நாட்களில் மாளிகையை விட்டுச் சென்ற சிசுவுக்கு அதன் கூரை நினைவிருக்க வழியில்லை. ஆனால் தாய்க்கு அதைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருந்திருக்காது. அக்கால வழக்கப்படி, பிரசவித்தவளை இரண்டு வாரம் வரை படுக்கையிலேயே கிடத்தியிருந்தார்கள். குழந்தையைத் தனி அறையில் வைத்து, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை பால் கொடுக்க மட்டும் கொண்டுவந்தார்கள். கணவனோ நகரத்தில் வேலையிலோ, போர்முனையிலோ இருந்தான். ஆகவே, வாழ்நாளில் ஒரே ஒரு முறை சீமாட்டியைப் போலப் படுத்திருந்த ஒரு பெண், மேலே தெரிந்த ஓவியங்களைத் தன் மகளுக்குச் சலிக்காமல் சொல்லியிருப்பாள். கேட்டுக் கேட்டு மகள் அவற்றைத் தானே கண்டதாக எண்ணத் தொடங்கியிருப்பாள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறப்புச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பிறப்பு நிகழ்ந்த மாவட்டத்திலேயே அதைப் பதிவு செய்கிறார்கள். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக லண்டனில் வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு, சொந்தபந்தம் ஒருவரும் இல்லாத ஊர் பிறந்த இடமாக அமைந்துவிட்டது. பாட்டியிடம் இருப்பது சுருக்கச் சான்றிதழானால், பொதுப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து முழுச் சான்றிதழைப் பெறச் சொல்லுங்கள். பிறந்த இடம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த மருத்துவமனையின் பழைய பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நோயாளிகளைப் பற்றிய ஏடுகளை நீண்ட காலம் மூடியே வைப்பது வழக்கமாதலால், போவதற்கு முன் கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.