மூட்டு மாற்று சிகிச்சை: முதுகில் போடும் ஊசியால் முதுகுவலி வருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. அடுத்த மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கவிருக்கிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, தொடையிலும் ஒரு நரம்பு ஊசி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதுகு ஊசி போட்டால் ஆயுள் முழுக்க முதுகுவலி இருக்கும் என்று உறவினர்கள் பயமுறுத்துவதால், முழு மயக்கமே கொடுக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறோம். வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பழக்கமாகிவிடும் என்பதால் வலியைப் பொறுத்துக்கொள்ளப் போவதாக அம்மா சொல்கிறார். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. இதயத்துக்காக குளோபிடோக்ரெல் மாத்திரையும் சாப்பிடுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த குளோபிடோக்ரெல் மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். முதுகு ஊசி பற்றி நீங்கள் கேட்டிருப்பவற்றைவிட அதுதான் முக்கியமானது. இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் இந்த மருந்தின் வேலை, மாத்திரையை நிறுத்திய பிறகும் சில நாட்கள் உடலில் நீடிக்கும். அந்த நிலையில் முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தைச் சுற்றி இரத்தம் கசிந்து தேங்கி நரம்புகளை அழுத்தும் அபாயம், மிக அரிதானதுதான் என்றாலும், இருக்கிறது. அதனால்தான் முதுகு ஊசிக்கு 5 முதல் 7 நாட்கள் முன்பே குளோபிடோக்ரெல்லை நிறுத்தும்படி மயக்கவியல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆனால் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்தாக முடியலாம். எனவே எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது, இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பிரின் மட்டும் போதுமா என்பதை இதய மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் தொடரவும் வேண்டாம். இதற்காகவே இந்த வாரம் ஒரு முறை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

இனி முதுகுவலிக்கு வருகிறேன். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகளுக்கு இடையிலோ இன்னும் சற்றுக் கீழேயோ நுழைகிறது. அங்கே இருப்பது திரவத்தில் மிதக்கும் நரம்பு இழைகள்தான். ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் தொட்டால் வலிப்பது உண்மை. ஆனால் நீண்டகால முதுகுவலிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு உண்டு என்பதை ஆய்வுகள் காட்டவில்லை. இதே இடத்தில் இதைவிடப் பருமனான ஊசியால் போடப்படும் எபிடியூரல் முறையைப் பிரசவ வலிக்காகப் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. இரு பிரிவினருக்கும் முதுகுவலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. 60 வயதைத் தாண்டிய, மூட்டுத் தேய்ந்து சாய்ந்து நடந்து பழகிய ஒருவருக்குப் பெரும்பாலும் முதுகுவலி ஏற்கெனவே இருக்கும். ஊசி போட்ட பிறகு, ஏற்கெனவே இருந்த வலிக்கும் பழி அந்த ஊசியின் மேல் விழுகிறது.

முதுகு ஊசிக்குப் பிறகு தலைவலி வரும் என்றும் சிலர் எச்சரிப்பார்கள்; அதற்கு அடிப்படை உண்டு. 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் இந்த முறையை முதலில் நோயாளிகளிடம் செய்து பார்த்தார்; பின்பு அதைத் தன் உடலிலேயே சோதிக்க முனைந்தார். சிரிஞ்சு ஊசியோடு சரியாகப் பொருந்தாததால் அவருடைய தண்டுவடத் திரவம் நிறைய வெளியேறிவிட்டது. படுத்தால் குறைந்து எழுந்தால் கூடுகிற தலைவலியோடு அவர் பல நாட்கள் கிடக்க வேண்டியதாயிற்று. அந்த வலிக்குத் திரவக் கசிவே காரணம் என்று அவரே சரியாக ஊகித்தார். இன்று போடப்படும் ஊசிகள் மிக மெல்லியவை. அவற்றிலும் திசுவை வெட்டாமல் விலக்கிக்கொண்டு நுழையும், பென்சில் முனை போன்ற ஊசிகள் கசிவை வெகுவாகக் குறைக்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஆய்வில், பழைய வெட்டு முனை ஊசிகளால் 11 சதவீதமாக இருந்த தலைவலி, பென்சில் முனை ஊசிகளால் 4.2 சதவீதமாக இருந்தது. மேலும் இந்தத் தலைவலி இளம் வயதினருக்கே அதிகம் வருகிறது. உங்கள் அம்மாவின் வயதில் குறைவு.

முழு மயக்கம் கேட்கலாமா என்றால், தாராளமாகக் கேட்கலாம்; ஆனால் பயத்தினால் கேட்க வேண்டாம். இடுப்பெலும்பு முறிவுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021-இல் வெளியான ரீகெய்ன் ஆய்வில், 60 நாட்களில் இறந்தவர்களையும் நடக்க முடியாமல் போனவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, முதுகு ஊசி போட்டவர்களில் 18.5 சதவீதம், முழு மயக்கம் பெற்றவர்களில் 18 சதவீதம் என்றே வந்தது. அது முழங்கால் பற்றிய ஆய்வு அல்ல; ஆனாலும் ஒன்று பாதுகாப்பானது, மற்றது ஆபத்தானது என்ற எண்ணத்தை அது வலுவாகவே கேள்விக்குள்ளாக்குகிறது. முழங்கால் மாற்றுக்கு முதுகு ஊசியையே நான் விரும்புவேன். குமட்டலும் தூக்கக் கலக்கமும் குறைவு, முதல் சில மணி நேரம் வலியே தெரிவதில்லை. குளோபிடோக்ரெல்லை நிறுத்த முடியாது என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டால், முழு மயக்கமே சரியான தேர்வு.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது, வலியைப் பொறுத்துக்கொள்வதாக அம்மா சொல்வதுதான். இப்படிப்பட்டவர்களை வார்டில் அடிக்கடி பார்க்கிறேன். மறுநாள் காலையில் போய் "வலி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், அசையாமல் படுத்தபடி "பரவாயில்லை டாக்டர்" என்பார்கள். "சரி, முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள் பார்க்கலாம்" என்றதும் ஒரு கை கட்டில் கம்பியைப் பற்றிக்கொள்ளும், மூச்சு நின்றுவிடும், கால் ஓர் அங்குலம்கூட நகராது. படுத்திருக்கும்போது வலி இல்லை என்பதால் சிகிச்சைக்குப் பயனில்லை. மடக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் தாங்கும்படி இருக்கிறதா என்பதுதான் கணக்கு. மடக்காத முழங்கால் இறுகிப்போகும். நடக்காத காலில் இரத்தம் உறையும். ஆழ்ந்து மூச்சு விடாத நுரையீரலில் சளி தங்கும். பொறுத்துக்கொள்வதற்கான விலை இப்படி வேறு இடங்களில் விழுகிறது.

உடலியல் காரணம் இன்னொன்றும் உண்டு. வலியை ஆராயும் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் வூல்ஃப் 1983-இல் விலங்குகளிடம் செய்த ஆய்வில், காயத்திலிருந்து ஓயாமல் வந்துசேரும் வலிச் செய்திகள் தண்டுவட நரம்பணுக்களையே கூர்மைப்படுத்திவிடுகின்றன என்று காட்டினார். அதன் பிறகு இலேசான தொடுதல்கூட வலியாகப் பதிவாகிறது. முழங்கால் மூட்டு மாற்று செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மூன்று மாதம் கடந்தும் வலி நீடிப்பதாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. முதல் சில நாட்களில் கடும் வலி பட்டவர்களுக்கு இது அதிகம். தொடக்க வலியை அடக்கிவிட்டாலே இதை முற்றிலும் தடுத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அளவுக்குச் சான்று இல்லை. பொறுத்துக்கொள்வதால் எந்த நன்மையும் இல்லை என்பது மட்டும் உறுதி.

மாத்திரைகளைப் பற்றிய அம்மாவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரே மருந்தை அதிகமாகக் கொடுப்பதற்குப் பதில், வெவ்வேறு வழியில் வேலை செய்யும் பல மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுக்கும் முறை 1990-களில் டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவர் ஹென்ரிக் கேலட் போன்றவர்களின் முயற்சியால் பரவியது. அதன் அடித்தளம் பாராசிட்டமால்தான்: வலிக்கும்போது மட்டும் அல்ல, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும்; பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது; கல்லீரல் பாதிப்போ மிகக் குறைந்த எடையோ இருந்தால் அதைவிடவும் குறைவு. டைக்ளோஃபெனாக் போன்ற வீக்கம் குறைக்கும் மாத்திரைகள்தான் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிப்பவை. இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ள, குளோபிடோக்ரெல் சாப்பிடும் உங்கள் அம்மாவுக்கு அவற்றைக் கொடுப்பதா என்பதை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையின் அளவைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். பழைய டப்பாவிலிருந்து நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். பழக்கமாகிவிடும் என்ற அச்சம் டிரமடால், மார்ஃபின் வகைக்குப் பொருந்தும். மற்றவற்றை மீறி வலி வரும்போது மட்டும், குறைந்த அளவில், சில நாட்களுக்குள் நிறுத்திவிடும் திட்டத்தோடு கொடுத்தால் அந்த ஆபத்து சிறியது. மலச்சிக்கலும் தூக்கக் கலக்கமும்தான் அதில் அன்றாடத் தொல்லைகள்.

தொடையில் போடும் நரம்பு ஊசியைப் பற்றிப் பலரும் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. அது மருந்துக்கேற்ப பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் வேலை செய்யும். பிறகு சட்டென்று விட்டுவிடும். மாலையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் நள்ளிரவு இரண்டு மணிக்கு வலியில் துடிப்பது இதனால்தான். அப்போது மாத்திரை கொடுத்தால் அது வேலை செய்ய இன்னும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். ஆகவே ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று கேட்டு ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, மரமரப்பு விலகுவதற்கு முன்பே மாத்திரையைக் கொடுக்கச் சொல்லுங்கள். கால் உறுதியாக இருப்பதுபோல் தோன்றினாலும், முதல் முறை எழுந்து நிற்கும்போது செவிலியரோ பிசியோதெரபி நிபுணரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் யாருக்கேனும் மயக்க மருந்தால் கடும் காய்ச்சலோ வேறு சிக்கலோ வந்திருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வழக்கமாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கும், தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கும் முன்பு நிறுத்தினால் போதும். உங்களுக்கு வேறு நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதுகு ஊசியின் மரமரப்பு சில மணி நேரத்தில் விலகிக் கால்கள் அசையத் தொடங்கும். அப்படி அசைந்த கால்கள் மறுபடி தளர்ந்தாலோ, இரண்டு கால்களும் மரத்துப்போனாலோ, முதுகில் புதிதாகக் கடும் வலி வந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே பணியில் இருக்கும் மருத்துவரை அழையுங்கள். குளோபிடோக்ரெல்லை மறுபடி தொடங்கிய பிறகும் சில நாட்கள் இதைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.