பெரிய பெயர் ஓட்டல்களுக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருக்கிறேன். எங்கே போனாலும் ஒரே செயின் ஓட்டலில் தங்குவதுதான் வழக்கம். வாடகை ஏறிக்கொண்டே போகிறது, அறையோ வருடத்துக்கு வருடம் மோசமாகிறது. தங்கள் பெயர் கெடுகிறதே என்று இவ்வளவு பெரிய கம்பெனிக்குக் கவலை இருக்காதா?

பதில்: நானும் பெட்டியும் கையுமாக அலைகிறவன்தான், உங்கள் எரிச்சல் நன்றாகவே புரிகிறது. ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்: வாசலில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அந்தக் கட்டடம் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமில்லை. அமெரிக்க ஓட்டல் செயினான மாரியட் 1993-லேயே ஓட்டல் சொத்துக்களை ஒரு கம்பெனியாகவும், பெயரையும் நிர்வாகத்தையும் இன்னொரு கம்பெனியாகவும் பிரித்துவிட்டது. ஹில்டனும் 2017-ல் ஏராளமான ஓட்டல் கட்டடங்களைத் தனிக் கம்பெனியாக்கிவிட்டது. இப்போது கட்டடம் ஒருவருடையது, நடத்துவது பல இடங்களில் வேறொருவர், பெயர் மட்டும் செயினுடையது.

பெயரைக் கொடுத்தவருக்கு அறை வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் போய்விடும், ஓட்டல்காரருக்கு லாபமோ நஷ்டமோ. ஆனால் மெத்தை மாற்றுவதும் ஒழுகும் குழாயைச் சரிசெய்வதும் கட்டடக்காரர் செலவு. அவருக்குக் கடன் தலைக்கு மேல் இருந்தால் ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று தள்ளிப்போடுவார், செயின்காரரும் ரொம்பக் கண்டிக்கமாட்டார், கண்டித்தால் இவர் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு பிராண்டுக்குத் தாவிவிடலாம், அப்புறம் ‘எங்களிடம் இத்தனை ஆயிரம் ஓட்டல்’ என்று முதலீட்டாளர்களிடம் காட்டும் கணக்கில் ஒன்று குறையும்.

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். 1951-ல் குடும்பத்தோடு காரில் வாஷிங்டன் போன கெம்மன்ஸ் வில்சன், வழியில் தங்கிய விடுதிகள் ஒன்றுகூடச் சரியில்லை என்று வெறுத்துப்போய், மறு வருடமே மெம்பிஸ் நகரில் ‘ஹாலிடே இன்’ செயினின் முதல் ஓட்டலைத் திறந்தார். எங்கே தங்கினாலும் சுத்தமும் வசதியும் ஒரே மாதிரி இருக்கும், குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பதுதான் அவர் கொடுத்த வாக்கு. ராத்திரி பதினொரு மணிக்குத் தெரியாத ஊரில் இறங்குகிறவர் கூடுதல் காசு கொடுப்பது அந்த நிச்சயத்துக்காகத்தானே? அது இல்லையென்றால் பெயருக்கு எதற்குக் காசு?

கேள்வி: இரண்டு மூன்று நாள் தங்கினாலும் அறையைச் சுத்தம் செய்ய யாரும் வருவதில்லை. கேட்டால் சுற்றுச்சூழல் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். டவலைத் தினமும் துவைக்காவிட்டால் தண்ணீர் மிச்சம்தான். சின்னச் சின்ன பிளாஸ்டிக் ஷாம்பு பாட்டில் போனதும் நல்லதுதான், கலிபோர்னியாவில் அதற்குச் சட்டமே இருக்கிறது. ஆனால் குப்பைக்கூடையைக் காலி செய்யாமல் விடுவதில் எந்தச் சுற்றுச்சூழல் பிழைக்கிறது? கோவிட் காலத்தில் நிறுத்திய தினசரி சுத்தத்தை 2021-ல் அமெரிக்காவில் ஹில்டன் பெரும்பாலான ஓட்டல்களில் ‘கேட்டால் மட்டும்’ என்று ஆக்கியது. மிச்சமாவது சம்பளச் செலவு. துப்புரவு வேலை செய்யும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்: வேலை நாள் குறைந்துவிட்டது, வேலை கூடிவிட்டது. நாலு நாள் தொடாத அறையை அதே நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 10,000 ஓட்டல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, தினசரி சுத்தத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதும் கோரிக்கையில் இருந்தது.

சமீபத்தில் நான் தங்கிய ஓர் அறையில், சுவரில் பூட்டிவைத்த ஷாம்பு பாட்டிலை அழுத்தினால் காற்றுதான் வந்தது. மூடி உடைந்து திறந்தே கிடந்தது, உள்ளே யார் என்ன ஊற்றினார்களோ. குளியல் தொட்டியின் ஓரம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. தலையணைமேல் மட்டும் ‘பூமியைக் காப்போம்’ என்று அட்டை, அதுவும் மடங்காமல் புத்தம் புதிதாக.

கேள்வி: தங்கும்போதெல்லாம் செயின்காரர் கொடுக்கும் பாயிண்ட்ஸ், பிறகு அதை வைத்து இலவசமாகத் தங்கலாமே, அது நிறையச் சேர்ந்திருக்கிறது. விட்டுவிட்டு எப்படிப் போவது?

பதில்: செலவழித்துவிட்டுப் போங்கள். பாயிண்ட்ஸின் மதிப்பைத் தீர்மானிப்பது அவர்கள், எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். இன்ன ஓட்டலுக்கு இத்தனை பாயிண்ட் என்றிருந்த நிலையான பட்டியலை மாரியட் 2022-ல் எடுத்தேவிட்டது. சேர்த்துவைக்கிற பொருள் இல்லை அது.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்த்து அறை எடுப்பது?

பதில்: பிராண்டைப் பார்க்காதீர்கள், அந்த ஒரு கட்டடத்தைப் பாருங்கள். கடைசி மூன்று மாத விமர்சனங்களை மட்டும் படியுங்கள், தங்கியவர்கள் எடுத்த குளியலறைப் படங்களைத் தேடுங்கள். போன் போட்டு ‘அறைகளைக் கடைசியாக எந்த வருடம் புதுப்பித்தீர்கள்?’ என்று கேளுங்கள். மழுப்பினால் வேண்டாம். போனதும் பெட்டியைத் திறக்காமல் முதலில் குளியலறையையும் மெத்தை ஓரங்களையும் பாருங்கள், சரியில்லையென்றால் அப்போதே கீழே போய் மேனேஜரிடம் வேறு அறை கேளுங்கள். ரிசப்ஷனில் நிற்கும் பையனைத் திட்டாதீர்கள், அவன் கையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினால் மன்னிப்புக் கடிதமும் கொஞ்சம் பாயிண்ட்ஸும் வரும். அங்கேயே பேசினால் அன்று ராத்திரியே நல்ல அறை கிடைக்க வாய்ப்பு உண்டு.