கீபேடில் இருந்து கையடக்க டோன் டயலர்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பழைய சுற்று டயல் போனில் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால் “ஒன்றை அழுத்தவும்” என்கிறது. சுற்று டயலில் பட்டனும் இல்லை, பட்டன் எழுப்பும் டோனும் இல்லை. அதற்காக யுஎம்91214பி என்ற டோன் எழுப்பும் ஐசியையும் ஒரு கீபேடையும் வைத்து, ரிசீவரில் டோனைக் கேட்கவைக்கும் கையடக்க டோன் டயலர் செய்தேன். ஒலி தெளிவாக வருகிறது. எம்டி8870 டீகோடரில் (டோனைக் கேட்டு எந்த எண் என்று சொல்லும் ஐசி) சோதித்தால் 1 அழுத்தும்போது 5 என்றும், 5 அழுத்தும்போது 9 என்றும் காட்டுகிறது. 0 அழுத்தினால் எதுவுமே காட்டவில்லை. கீபேட் வயர் மாறிவிட்டதா? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: வயரைத் தொடாதீர்கள். வரிசை வயர்களோ நெடுவரிசை வயர்களோ தங்களுக்குள் மாறியிருந்தால் எண்கள் இடம் மாறுமே தவிர எந்தப் பட்டனும் ஊமையாகாது. டயலர் ஐசியின் 3, 4ஆம் கால்களுக்கு நடுவே இருக்கும் கிரிஸ்டலின் (ஐசிக்குச் சீரான அதிர்வைத் தரும் உறுப்பு) தலையைப் பாருங்கள். 4.000 என்று அச்சிட்டிருக்கும். இருக்க வேண்டியது 3.579545 மெகாஹெர்ட்ஸ்.

ஒவ்வொரு பட்டனும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பும். வரிசைக்கு 697, 770, 852, 941 ஹெர்ட்ஸில் ஒன்று. நெடுவரிசைக்கு 1209, 1336, 1477 ஹெர்ட்ஸில் ஒன்று. (நான்காவது நெடுவரிசையான 1633 ஹெர்ட்ஸ் ஏ, பி, சி, டி எழுத்துகளுக்கு உரியது, வீட்டுப் போனில் அது கிடையாது.) ஐசி இந்த ஒலிகளை எல்லாம் கிரிஸ்டலின் அதிர்வை வகுத்துத்தான் உண்டாக்குகிறது. 4 மெகாஹெர்ட்ஸ் போட்டால் எல்லா ஒலியும் சுமார் 11.7 சதவீதம் ஏறிவிடும். அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் 697 என்பது 779 ஆகி 770-இன் இடத்தில் உட்காருகிறது. 1209 என்பது 1351 ஆகி 1336-இன் இடத்தில் உட்காருகிறது. 1.5 சதவீத விலகல் வரை டீகோடர் ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பது விதி. இரண்டுமே அதற்குள் அடங்குவதால் 1 என்பது 5 ஆகிவிடுகிறது. அதே கணக்கில் 2 அழுத்தினால் 6, 4 அழுத்தினால் 8, 7 அழுத்தினால் 0 காட்டும். 3, 6, 9 மூன்றும் பி, சி, டி எழுத்துகளாகும். கடைசி வரிசையின் 941 மட்டும் 1052 ஆகி எந்த இடத்திலும் சேராது. உங்கள் 0 ஊமையானது இதனால்தான்.

காது இந்த வித்தியாசத்தைப் பிடிக்காது. கைபேசியில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் செயலி (ஒலியில் உள்ள அதிர்வெண்களை வரைபடமாகக் காட்டுவது) ஒன்றை நிறுவி 1-ஐ அழுத்திப் பாருங்கள். 697-இலும் 1209-இலும் இரண்டு முகடுகள் தெரிய வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கும்போது “போன் கிரிஸ்டல், 3.58” என்று கேளுங்கள். வெறுமனே “கிரிஸ்டல்” என்றால் மைக்ரோகன்ட்ரோலருக்குப் போடும் 4 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் கைக்கு வர வாய்ப்பு அதிகம். பழைய பட்டன் போனின் போர்டில், கிரிஸ்டலின் வேலையையே செய்யும் 3.58 செராமிக் ரெசனேட்டர் இருந்தால் அதுவும் போதும். அதன் பிழை அரை சதவீத அளவில்தான் இருக்கும்.

கேள்வி: காயலான் கடையில் எடுத்த போனின் கீபேடில் ஏழு வயர்கள் உள்ளன. எது எந்த வரிசை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டரின் பீப் ஒலி எந்தப் பட்டனுக்கும் வரவில்லை. (வியாசர்பாடி வாசகர்)

பதில்: ரப்பர் பட்டனின் அடியில் இருப்பது கார்பன். அழுத்தும்போது சில நூறு ஓம் மின்தடை இருக்கும் என்பதால் பீப் வராது. மீட்டரை 2 கிலோ ஓம் ரேஞ்சில் வையுங்கள். 1-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு, எந்த இரண்டு வயர்களுக்கு நடுவே அளவு காட்டுகிறது என்று தேடுங்கள். பிறகு 2-ஐ அழுத்தித் தேடுங்கள். இரண்டுக்கும் பொதுவான வயர் முதல் வரிசை, மற்ற இரண்டும் முதல், இரண்டாம் நெடுவரிசைகள். 3-ஐ அழுத்தினால் மூன்றாம் நெடுவரிசை கிடைக்கும். 4, 7, நட்சத்திரம் ஆகியவை மீதி மூன்று வரிசைகளைக் காட்டிக்கொடுக்கும். வரிசைகளை டயலர் ஐசியின் 15 முதல் 18 வரையுள்ள கால்களிலும், நெடுவரிசைகளை 12, 13, 14-இலும் இணையுங்கள். இணைத்த பிறகு எண்கள் தலைகீழாக வந்தால் வரிசை வயர்களின் ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கள்.

காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்றில் கிடந்த கீபேடாக இருந்தால் போர்டின் தடங்கள் மங்கிப்போயிருக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு உரிந்துவிடும்.

கேள்வி: டயலரின் ஒலியைப் பஸ்ஸர் வழியாக ரிசீவரில் கொடுத்தால் எக்ஸ்சேஞ்ச் எண்ணை ஏற்க மறுக்கிறது. ஏன்? (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

பதில்: பீசோ பஸ்ஸர் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில்தான் உரக்கப் பேசும், 697 அதில் அமுங்கிவிடும். இரண்டு ஒலியும் கிட்டத்தட்ட ஒரே பலத்தில் போனால்தான் எக்ஸ்சேஞ்ச் ஏற்கும். 8 ஓம் சிறு ஸ்பீக்கரும் ஒலியைப் பெருக்கும் எல்எம்386 ஐசியும் போடுங்கள். நான்கு பென்டார்ச் செல், 6 வோல்ட். டயலர் ஐசிக்கு 6 வோல்ட்டை நேராகக் கொடுக்கக் கூடாது; 330 ஓம் ரெசிஸ்டரும் 3.3 வோல்ட் ஜீனரும் (வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் டயோடு) போட்டுக் கொடுங்கள். டயலரின் 7ஆம் காலில் இருந்து 0.1 மைக்ரோஃபாரட், பிறகு 10 கிலோ ஓம் வால்யூம், அதன் நடுக்காலில் இருந்து எல்எம்386-இன் 3ஆம் கால். எல்எம்386-இன் 2, 4ஆம் கால்கள் கிரவுண்டுக்கு, 6ஆம் கால் 6 வோல்ட் சப்ளைக்கு. 5ஆம் காலில் இருந்து 220 மைக்ரோஃபாரட் வழியாக ஸ்பீக்கர். 1, 8 கால்களைச் சும்மா விடுங்கள்; 20 மடங்கு பெருக்கமே தாராளம். ஜீனர் சும்மா இருக்கும்போதும் கரன்ட் இழுக்கும், ஆகவே ஆன்-ஆஃப் சுவிட்ச் கட்டாயம்.

ஸ்பீக்கரைச் சுற்றிச் சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி ஒட்டி, ரிசீவரின் பேசும் பக்கத்தில் காற்று கசியாமல் அழுத்துங்கள். கரகரவென்று வந்தால் வால்யூமைக் குறையுங்கள். ஒலி உடைந்தால் வேண்டாத அதிர்வெண்கள் கலந்து எக்ஸ்சேஞ்ச் நிராகரிக்கும். பட்டனைக் கால் விநாடி பிடித்தால் போதும்.

கேள்வி: ஸ்பீக்கர் இல்லாமல் நேராக லைனில் கொடுக்கலாமா? கைபேசியில் பயன்படுமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: லைனில் கொடுக்காதீர்கள். அதில் 48 வோல்ட் டிசி நிற்கிறது. மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவில் ஏசி வரும். ஐசி போய்விடும், கையிலும் ஷாக் அடிக்கும். கைபேசிக்கு இது தேவையில்லை. பேச்சுக்கு என்று செய்த கோடெக்கும் (குரலைச் சுருக்கி அனுப்பும் முறை) இரைச்சல் நீக்கியும் வெளி டோனைச் சிதைத்துவிடும். கைபேசியின் சொந்த கீபேடை அழுத்தினால் அது எண்ணை நெட்வொர்க்குக்குத் தனிச் செய்தியாக அனுப்புகிறது. டோனை நெட்வொர்க்கே உண்டாக்கிக்கொள்ளும்.