வாசகர் கேள்வி பதில்: சமூகத் தத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு

பி.காம். முடித்திருக்கிறேன். எம்.ஏ. தத்துவத்தில் சேர்ந்து சமூகத் தத்துவம் படிக்க ஆசை. இடம் கிடைக்குமா? சமூகவியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், விருதுநகர்

பல பல்கலைக்கழகங்களில் எந்த இளங்கலைப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனாலும் அந்த ஆண்டு அறிவிப்பில் தகுதிப் பகுதியைப் படித்த பிறகே கட்டணம் கட்டுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத் துறை இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் க்யூட் முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு.

ஓர் ஊரில் சாதி மறுப்புத் திருமணங்கள் ஏன் குறைவு என்று சமூகவியல் ஆராயும். சொந்தச் சாதியில் மட்டும் வரன் தேடுவது தனிமனித உரிமையா, பிறருக்கு இழைக்கும் அநீதியா, அதில் அரசு தலையிடலாமா என்று சமூகத் தத்துவம் கேட்கும். இதற்காகக் கள ஆய்வு தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பிராங்க்பர்ட் சமூக ஆய்வு நிறுவனத்தின் தலைமையை ஏற்று 1931இல் ஆற்றிய உரையில், தத்துவமும் கள ஆய்வும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்றுதான் ஜெர்மன் தத்துவவாதி ஹோர்க்ஹைமர் வலியுறுத்தினார்.

முதல் பருவத்திலேயே ஜான் ரால்ஸின் ‘நீதிக் கோட்பாடு’ பாடமாக இருக்கிறது. கிட்டத்தட்ட 600 பக்கம். ஆங்கிலமும் கடினம். எங்கே தொடங்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

1971இல் வந்த அந்த நூலின் முன்னுரையில் ரால்ஸே வழி சொல்லியிருக்கிறார். முதலில் 1 முதல் 4 வரையான பிரிவுகள், பிறகு 11 முதல் 17 வரை, அதன் பின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும். முதல் பருவத்துக்கு இதுவே தாராளம்.

ஒரு தடவைக்குப் பத்துப் பக்கம் போதும். ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அவர் என்ன சொல்கிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார் என்று தமிழிலேயே இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராத பிரிவை மறுபடி படியுங்கள்.

விடைத்தாள்களில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அறியாமைத் திரையை வரலாற்றில் நடந்த ஒப்பந்தம்போல எழுதுவது ஒன்று. அது ஒரு சிந்தனைச் சோதனை. தன் சாதி, சொத்து, திறமை எதுவும் தெரியாத நிலையில் எந்த விதிகளை ஏற்பீர்கள் என்பதே கேள்வி. மற்றொன்று, எல்லாருக்கும் சம வருமானம் வேண்டும் என்றார் ரால்ஸ் என எழுதுவது. ஏற்றத்தாழ்வு மிகவும் பின்தங்கியவர்களுக்கு அதிகப் பயன் தந்தால் அதை அனுமதிக்கலாம் என்பது அவர் நிலை. அதற்கும் முன்னால் அடிப்படைச் சுதந்திரங்களும் நியாயமான சமவாய்ப்பும் உறுதியாக வேண்டும். இந்த வரிசையை விட்டுவிட்டால் விடை பாதிதான்.

மேற்கோள்கள் சரியாகத்தான் தருகிறேன். ஆனாலும் ‘சுருக்கம்தான், வாதம் இல்லை’ என்று கட்டுரை திரும்பி வருகிறது. என்ன செய்ய?
– வாசகர், கோவை

ரூசோ இப்படிச் சொன்னார், மார்க்ஸ் அப்படிச் சொன்னார் என்று அடுக்கிக்கொண்டே போனால், எது சரி, ஏன் சரி என்பதற்கு இடமே இருக்காது. ஒருவருடைய ஒரே வாதத்தை எடுத்துப் பிரித்துப் பழகுங்கள்.

அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ இதற்கு மிகப் பொருத்தம். 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதிய உரை அது. மாநாடு ரத்தானதால் அவரே அச்சிட்டு வெளியிட்டார். அதில் சாதியை ஆதரிப்பவர்களின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறார்: நாகரிகச் சமூகத்துக்கு வேலைப் பிரிவினை தேவை, சாதியும் வேலைப் பிரிவினையே, ஆகவே சாதியில் தவறில்லை. இதில் முதல் கூற்றை அவர் மறுக்கவில்லை. இரண்டாவதைத்தான் தாக்குகிறார். சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது. அவர்களை மேல் கீழாக அடுக்குகிறது. திறமையையோ விருப்பத்தையோ பார்க்காமல், பெற்றோரின் நிலையை வைத்துத் தொழிலை முன்கூட்டியே விதிக்கிறது. தொழில் மாற முடியாததால் வேலையின்மையும் வருகிறது. எதிராளியின் எந்தக் கூற்று உடைகிறது, எதனால் உடைகிறது என்று இப்படிச் சுட்டிக்காட்டுவதற்குத்தான் மதிப்பெண்.

2,000 சொல் கட்டுரை என்றால் கேள்விக்கும் உங்கள் நிலைப்பாட்டுக்கும் 200 சொல், வாதத்தை விளக்க 600, அதற்கு வரக்கூடிய மிக வலுவான மறுப்புக்கு 400, உங்கள் பதிலுக்கு 600, மீதி முடிவுக்கு. பெரும்பாலானவர்கள் விளக்கத்திலேயே 1,500 சொல்லைச் செலவழித்துவிடுகிறார்கள்.

மறுப்பை எளிதில் சாயும்படி எழுதாதீர்கள். ‘இன்று தொழில் மாறச் சட்டத் தடை எதுவும் இல்லை, எனவே அம்பேத்கரின் வாதம் பழையது’ என்பது உண்மையாகவே கனமான மறுப்பு. கையால் மலம் அள்ளுவதை 1993, 2013 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தடைசெய்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்குகிறவர்கள் எந்தச் சாதியினர் என்று கேட்டு அதற்குப் பதில் எழுதலாம். சட்டத் தடை நீங்குவதும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைப்பதும் ஒன்றா என்ற தத்துவக் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் இதே படிப்பு போதுமா?
– வாசகி, சேலம்

போதாது. இரண்டாம் தாளில் தலா இரண்டு மதிப்பெண்ணில் 100 கொள்குறி வினாக்கள். இந்தியச் சமூக அரசியல் தத்துவம் ஓர் அலகு, மேற்கத்தியது இன்னோர் அலகு. அறிவாராய்ச்சி, அறவியல், தர்க்கம் எல்லாம் சேர்ந்தே வரும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எந்தக் கேள்வியையும் விடாதீர்கள். நூல், ஆசிரியர், ஆண்டு, மையக் கருத்து என்று தனி நோட்டு ஒன்றை முதல் பருவத்திலேயே தொடங்குங்கள். தர்க்கத்துக்கு மட்டும் தினமும் பத்துக் கணக்குகளாவது போட வேண்டும். வாசித்தால் மட்டும் அது கைவராது.