ஆய்வு நெறியாளரின் மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: உயிரியலில் முதுகலை முடித்துவிட்டு, நரம்பறிவியலில் முனைவர் பட்ட ஆய்வில் சேர இருக்கிறேன். இரண்டு ஆய்வகங்களிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இரண்டிலும் நினைவாற்றலைப் பற்றித்தான் ஆய்வு நடக்கிறது. கூகுள் ஸ்காலரில் முதல் பேராசிரியருக்கு 11,400 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 29. இரண்டாமவருக்கு 2,350 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 24. முதலாமவரின் ஒரு கட்டுரை மட்டும் 6,800 முறையும், மற்றொன்று 1,900 முறையும் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம் இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எண்களை வைத்து முடிவெடுப்பது சரியா?

பதில்: விடையின் பாதி உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. 11,400-இலிருந்து 6,800-ஐயும் 1,900-ஐயும் கழித்துப் பாருங்கள். மீதி 2,700. அதாவது, நண்பர்கள் சொல்லும் அந்த ஐந்து மடங்கு வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் இரண்டே கட்டுரைகளிலிருந்து வருகிறது. அவற்றை எடுத்துவிட்டால் இருவரும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். ஆகவே யாருக்கு எண்ணிக்கை அதிகம் என்பதை விட்டுவிட்டு, அந்த இரண்டும் என்ன மாதிரியான கட்டுரைகள், அவற்றில் இவருடைய பங்கு என்ன என்றுதான் நீங்கள் பார்க்க வேண்டும்.

எச்-இண்டெக்ஸ் எண்கள் 29, 24 என்று நெருங்கி நிற்பதற்கும் இதுவே காரணம். இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த இந்த அளவுகோல், ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணும் மேற்கோள் எண்ணிக்கையும் எங்கே சந்திக்கின்றன என்று பார்க்கிறது. ஒருவரின் ஏழு கட்டுரைகள் முறையே 40, 22, 15, 9, 6, 5, 3 மேற்கோள்கள் பெற்றிருந்தால், ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது ஐந்து மேற்கோள் இருக்கிறது, ஆறாவதுக்கு ஆறு இல்லை. எனவே அவருடைய எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரை 40 முறை அல்லாமல் 4,000 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தாலும் விடை மாறாது. ஒற்றைக் கட்டுரையின் வீக்கத்தை இது அடக்கிவிடுகிறது என்பது இதன் நன்மை. ஆனால் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது; ஒருவர் பத்தாண்டுகளாக எதுவும் எழுதாவிட்டாலும் பழைய கட்டுரைகளின் புண்ணியத்தில் உயர்ந்துகொண்டே போகலாம். எனவே 29-க்கும் 24-க்கும் இடையிலுள்ள வித்தியாசம், முதலாமவர் சில ஆண்டுகள் முன்னதாக ஆய்வைத் தொடங்கினார் என்பதாக மட்டுமேகூட இருக்கலாம். இருவரின் முதல் கட்டுரை வெளியான ஆண்டைப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

மேற்கோள் எதை அளக்கிறது என்பதற்கு உங்கள் துறையிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1971-இல் வெளியான இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ஜான் ஓகீஃப், ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கி இருவரும் எழுதியது. ஓர் எலி குறிப்பிட்ட ஓர் இடத்தில் நிற்கும்போது மட்டும் அதன் மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதியில் சில நரம்பணுக்கள் துடிக்கின்றன என்று அறிவித்த சிறு கட்டுரை அது. அந்தப் பாதை 2014-இல் ஓகீஃபுக்கு நோபல் பரிசாக வந்து முடிந்தது. மற்றொன்று ஓல்ட்ஃபீல்ட் எழுதியது. எழுதுவது, பந்து எறிவது, கத்தரிக்கோல் பிடிப்பது போன்ற வேலைகளுக்கு நீங்கள் எந்தக் கையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கும் வினாப்பட்டியல். மேற்கோள் எண்ணிக்கையில் வினாப்பட்டியல்தான் பல மடங்கு முன்னால் நிற்கிறது. மனித மூளையைப் படமெடுக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் ‘பங்கேற்றவர்கள் அனைவரும் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள்’ என்று ஒரு வரி வரும்; அந்த வரியின் முடிவில் ஓல்ட்ஃபீல்டின் பெயர் நிற்கும். அந்த மேற்கோளை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டுரையைத் திறந்து படித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். கருவிகளையும் முறைகளையும் விவரிக்கும் கட்டுரைகளின் இயல்பே இதுதான்: பயனுள்ளவை, உழைப்பால் வந்தவை, ஆனால் அவற்றின் மேற்கோள்கள் பெரும்பாலும் பயன்பாட்டைச் சொல்கின்றனவே தவிர, ஒரு கருத்து ஏற்கப்பட்டதைச் சொல்வதில்லை. தொகுப்பாய்வுக் கட்டுரைகளுக்கும் இது பொருந்தும். முப்பது மூலக் கட்டுரைகளைத் தனித்தனியே சுட்டுவதற்குப் பதிலாக அவற்றைத் தொகுத்த ஒன்றைச் சுட்டுவது எழுதுபவர்களுக்கு வசதி.

இப்போது 6,800 மேற்கோள் பெற்ற கட்டுரையைத் திறந்து ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். நரம்பறிவியலில் பெயர்களின் வரிசைக்குப் பொருள் உண்டு. முதல் பெயர் பெரும்பாலும் சோதனைகளைச் செய்து கட்டுரையை எழுதிய மாணவருடையது அல்லது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. பட்டியலில் பல நாட்டு ஆய்வகங்களிலிருந்து அறுபது, எழுபது பெயர்கள் இருந்து, உங்கள் பேராசிரியரின் பெயர் நடுவில் எங்கோ வருமானால், அவர் தரவு அளித்திருக்கலாம், பகுப்பாய்வில் ஒரு பகுதியைச் செய்திருக்கலாம். ஆனால் கூகுள் ஸ்காலர் அந்த 6,800-ஐயும் ஒவ்வொருவர் கணக்கிலும் முழுமையாகவே சேர்க்கிறது. பல இதழ்கள் கட்டுரையின் இறுதியில் யார் எதைச் செய்தார்கள் என்று ஒரு பத்தி வெளியிடுகின்றன. சிறிய எழுத்தில் இருந்தாலும், மொத்தக் கட்டுரையிலும் உங்களுக்கு அதிகம் பயன்படும் பத்தி அதுதான்.

இரண்டு பேரையும் ஒப்பிடும் முன் உள்துறைகளின் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். நினைவாற்றல் என்ற ஒரே தலைப்பின் கீழ் ஒருவர் மனித மூளையின் செயல்பாட்டை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுக்கலாம், மற்றவர் பழ ஈக்களின் மூளையில் ‘காளான் உடல்கள்’ எனப்படும், நினைவோடு தொடர்புள்ள பகுதிகளில் மின்பதிவு செய்யலாம். முன்னதில் ஆய்வாளர்கள் ஏராளம். மேற்கோள் காட்டும் கைகளும் ஏராளம். பின்னதில் உலகளவில் ஆய்வகங்கள் குறைவு. அங்கே நூறு மேற்கோள் பெறுவது பெரிய விஷயம். விலங்குகளுக்குப் பல மாதங்கள் பயிற்சி கொடுத்துச் செய்யும் ஆய்வுகளில் ஒரு கட்டுரைக்கே சில ஆண்டுகள் ஆவதும் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வதற்காக 2016-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் என்ற அளவை அறிமுகப்படுத்தினார்கள். ஐசைட் என்ற இலவசத் தளத்தில் பேராசிரியரின் பெயரையோ கட்டுரை எண்களையோ இட்டால், ஒவ்வொரு கட்டுரையும் அதே துறையில், அதே ஆண்டில் வெளியானவற்றோடு ஒப்பிடப்படும். மதிப்பு 1 என்றால், அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளின் நடு அளவுக்கு அது சமம். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் உள்ள கட்டுரைகளுக்கு மட்டுமே இது கிடைக்கும் என்றாலும், உங்கள் தேவைக்கு அது போதும்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அது அந்த இதழின் கட்டுரைகள் பெறும் சராசரி மேற்கோள் எண்ணிக்கை, கட்டுரை ஆசிரியரின் சாதனை அல்ல. தனி ஆய்வாளரை மதிப்பிட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் வெளிப்படையாகவே கூறுகிறது.

மேற்கோள் அதிகம் என்பதால் முடிவு சரியானது என்றும் ஆகிவிடாது. அல்சைமர் நோயில் அமிலாய்ட் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவம் எலிகளின் நினைவைக் குலைக்கிறது என்று 2006-இல் நேச்சர் இதழில் வெளிவந்த கட்டுரை, 2,000-க்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்ட பிறகு, படங்களில் முறைகேடான மாற்றங்கள் இருந்ததன் பேரில் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள்! எனவே ஒரு கட்டுரையின் கீழ் உள்ள எண்ணோடு நின்றுவிடாமல், அதன் மேற்கோள் இணைப்பைச் சொடுக்கி, மேற்கோள் காட்டியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதற்கு நான் பின்பற்றும் முறை எளிது. அண்மைக் கட்டுரைகளில் பத்தைத் திறந்து, பேராசிரியரின் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் படிப்பேன். அறிமுகப் பகுதியில் ஏழெட்டுப் பெயர்களுக்கு நடுவே வந்தால் அது மரியாதைக்கான மேற்கோள். ‘இவர்கள் கண்ட விளைவை நாங்களும் கண்டோம்’ என்றோ, ‘எங்கள் முடிவு இவர்களுடையதோடு ஒத்துப்போகவில்லை’ என்றோ முடிவுரைப் பகுதியில் வந்தால், அந்த ஆய்வு மற்றவர்களின் சிந்தனையில் உயிரோடு இருக்கிறது. மறுப்பதற்காகக் காட்டிய மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றாகவே சேர்கிறது என்பதையும் அப்போது கவனிப்பீர்கள். செமான்டிக் ஸ்காலர் தளம், ஒரு கட்டுரை பின்னணிக்காகச் சுட்டப்பட்டதா, முறைக்காகவா, முடிவுக்காகவா என்று பிரித்துக் காட்டும். தானியங்கிப் பிரிப்பு என்பதால் பிழைகள் இருக்கும், ஆனால் தொடங்குவதற்கு உதவும்.

ஒரு சிறு எச்சரிக்கை. கூகுள் ஸ்காலர் பக்கத்தை அந்த ஆய்வாளரேதான் நிர்வகிக்கிறார். பொதுவான பெயருள்ளவர்களின் பட்டியலில் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் கலந்துவிடுவது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் கவனக்குறைவால். இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடப்படும் முன்பதிப்புகள், ஆய்வேடுகள், நூல்கள் எல்லாவற்றிலும் வரும் மேற்கோள்களை அது சேர்ப்பதால், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய மேற்கோள் தரவுத்தளங்களைவிட எண் பொதுவாக அதிகமாகவே இருக்கும். இருவரையும் ஒரே தளத்தின் எண்களை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஐயம் இருந்தால், ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனியாக வழங்கப்படும் அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணைக் கொண்டு கட்டுரைப் பட்டியலைச் சரிபாருங்கள்.

மாணவராகப் போகும் உங்களுக்கு, மேற்கோள்களைவிட முக்கியமான ஒரு தகவலும் அதே பக்கத்தில் இருக்கிறது. பட்டியலை ஆண்டுவாரியாக அடுக்கி, கடந்த ஐந்து ஆண்டுகளில் பேராசிரியரின் பெயர் கடைசியில் வரும் கட்டுரைகளை மட்டும் எடுங்கள். அவற்றின் முதல் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் உள்ள மாணவர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு கட்டுரைக்காவது முதல் பெயராக வந்திருக்கிறார்களா, சேர்ந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வந்தார்கள், பட்டியலில் இருந்து எந்தக் கட்டுரையிலும் வராமல் மறைந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று அதில் தெரிந்துவிடும். அந்த மறைந்துபோனவர்களில் ஒருவருக்காவது மின்னஞ்சல் எழுதுங்கள்.

நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை மட்டும் வைத்துக் கேட்டால், நான் இரண்டாமவரின் பக்கம் சற்றே சாய்வேன். அவருடைய 2,350 மேற்கோள்கள் 24 கட்டுரைகளுக்கு மேல் பரவியிருப்பதாகத் தெரிகிறது. தொடர்ந்து வேலை நடக்கும் ஆய்வகங்களில் இது வழக்கம். ஆனால் முதலாமவரின் 1,900 மேற்கோள் பெற்ற கட்டுரை அவரே கடைசிப் பெயராக இருந்து உருவாக்கிய ஒரு கருவியோ மென்பொருளோ என்றால், அந்தக் கருவியை உருவாக்கிய இடத்திலேயே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கும். அப்போது என் சாய்வு மாறிவிடும். முதலில் அந்தக் கட்டுரையைத் திறந்து பாருங்கள்.