அரீனா கால்பந்தில் கலக்கும் குவார்ட்டர்பேக்குகள் பலர் என்எஃப்எல்லில் ஏன் நிலைப்பதில்லை?

அரீனா கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்தின் சிறிய உள்ளரங்க வடிவம்; என்எஃப்எல் அதன் பெரிய மைதான வடிவத்தின் முதன்மைத் தொழில்முறை லீக். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர். அவர் தடுமாற முக்கியக் காரணம் மைதானம்தான். என்எஃப்எல்லில் கோலுக்குக் கோல் 100 கெஜம், அணிக்கு 11 பேர். அரீனாவில் 50 கெஜம், 8 பேர், ஓரத்தில் மெத்தை போர்த்திய சுவர். அதோடு, பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே ஒரு ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) முன்னோக்கி ஓடிவரலாம். ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டும்போதே அவர் முழு வேகத்தில் இருப்பார். அதனால் குவார்ட்டர்பேக் இரண்டு மூன்று எட்டு பின்வாங்கியதுமே, ரிசீவர் திரும்புவதற்குள் பந்தை விட்டாக வேண்டும். தாமதித்தால் இடைவெளி அடைபட்டுவிடும். கை வேகம் ஊறும், 11 பேர் தடுப்பைப் படிக்கும் பழக்கம் வராது.

ஆனாலும் அரீனா வீரர்களை அடியோடு ஒதுக்குவது நியாயமில்லை. கர்ட் வார்னர் 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அரீனா அணியில் ஆடியவர். 1998-ல் என்எஃப்எல்லின் ஐரோப்பிய லீக்கில் ஆம்ஸ்டர்டாம் அணியில் பெரிய மைதானத்துக்குப் பழகி, 1999 சீசனில் என்எஃப்எல் அணியான ராம்ஸுக்காக 41 டச் டவுன் (எதிரணியின் கோல் பகுதியில் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) வீசி, என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் வென்றார்.