முப்பது நாளும் வேலூர் போய்வர முடியுமா?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 61. கன்னத்தின் உட்புறத்தில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, வேலூரில் கதிர்வீச்சு தொடங்கவிருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 30 முறை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆரணியிலிருந்து பேருந்தில்தான் போய்வர வேண்டும். ‘கரண்டு’ வைத்த உடம்போடு பேரனைத் தூக்கலாமா என்று அத்தை அஞ்சுகிறார். ஆடி வெள்ளிகளில் மட்டும் போகாமல் இருக்கலாமா என்றும் கேட்கிறார். எப்படிச் சமாளிப்பது?
– வாசகி ஒருவர், ஆரணி

பதில்: முதலில் அத்தையின் அச்சத்தைப் போக்கிவிடுங்கள். ஊரில் கரண்டு என்று சொன்னாலும் அது மின்சாரம் அன்று. எக்ஸ்ரே போன்றது, ஆனால் அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் மிக்கது. வெளியிலிருந்து பாய்ச்சும் இந்தக் கதிர், இயந்திரம் நின்றதும் உடம்பில் தங்குவதில்லை. பேரனைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஆடி வெள்ளிக்காகச் சிகிச்சையை ஒரு நாள்கூட விடவே வேண்டாம். தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோயில் சிகிச்சை நாள் தள்ளிப்போகப் போக, எஞ்சியிருக்கும் புற்றணுக்கள் மீண்டும் பெருக இடம் கிடைத்துவிடும். பழுதாலோ விடுமுறையாலோ ஒரு நாள் விட்டுப்போனால்கூட, மருத்துவர்கள் சனிக்கிழமையில் வரச் சொல்லியோ, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்தோ அதை ஈடுகட்டப் பார்ப்பது அதனால்தான். படவேடு ரேணுகாம்பாளுக்குப் போகும் கூட்டத்தால் கண்ணமங்கலம் வழிப் பேருந்துகள் நிரம்பிவிடும் என்பதால், அன்று ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை என் கருத்து இது: முதல் இரண்டு வாரம் போய்வாருங்கள், மூன்றாவது வாரத்திலிருந்து வேலூரிலேயே தங்குங்கள். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது என்பதால் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். வாய்ப்புண்ணும் களைப்பும் மெல்லச் சேர்ந்து கடைசி வாரங்களில்தான் உச்சத்துக்கு வரும். போளூரிலிருந்து என் அக்காவை அழைத்துப்போனபோது, பதினைந்து நாள்வரை வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தவர், பதினேழாவது நாள் திரும்புகையில் கணியம்பாடி வருவதற்குள் முன்னிருக்கைக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துவிட்டார். மறுநாளே காந்தி சாலைப் பக்கம் அடுப்பு வசதியுள்ள ஓர் அறை எடுத்தோம். அந்த அறையை முன்பே பார்த்து வைக்கவில்லையே என்று இன்றைக்கும் வருந்துகிறேன்.

போய்வரும் நாட்களில், கூட்டம் குறைந்த முற்பகல் நேரத்தை ஒதுக்கித் தர முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள். காலையில் வடக்கே போகும்போதும் பிற்பகலில் தெற்கே திரும்பும்போதும் இடப்பக்க இருக்கையில்தான் வெயில் படாது. சிகிச்சை பெறும் தோலில் வெயில் படக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் மூடிக்கொள்ளட்டும். மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம். கதிர் பாய்வது சில நிமிடங்களே, காத்திருப்புதான் நீளும். வாரம் ஒருமுறை மருத்துவர் பார்க்கும் நாளில் இன்னும் நேரமாகும் என்பதால், அன்று கூடுதலாக ஒருவர் உடன் போவது நல்லது.

சாப்பாட்டில் கண்ணும் கருத்துமாக இருங்கள். முகத்தின் அச்சிலேயே வார்த்த, வலைபோன்ற முகமூடியை மாட்டித்தான் தலையை அசையாமல் வைப்பார்கள். எடை குறைந்து அது தளர்ந்துவிட்டால், புதிதாக அச்செடுத்து, கதிர் பாய்ச்சும் அளவையும் மறுபடி கணக்கிட வேண்டிவரும். ஆடிக்கு ஊற்றும் அதே கேழ்வரகுக் கூழை, மிளகாயும் ஊறுகாயும் இல்லாமல் மோர் விட்டுக் கரைத்து, ஆறவைத்துத் தூக்கில் கொண்டுபோங்கள். மசித்த முட்டையும் குழைந்த பருப்பும் தினமும் சேரட்டும். உப்பும் சமையல் சோடாவும் சிறிதளவு கலந்த வெதுவெதுப்பான நீரில், சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

முப்பதாவது நாள் முடிந்த பிறகும் ஓரிரு வாரம் புண் தணியாது. ஊருக்கு வந்த மறுநாளே காரக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டுவிடாதீர்கள்.